ரில்லுக்கும் மில்லுக்கும் நடுவே

"என் கடையில இந்தத் தப்பு நடக்கவே முடியாது, மேடம்."

ஷ்யாம் தேவ்கர் ஹிந்தியில் சொன்னார். ஒரு வாரமாகப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் வழவழப்பாகியிருந்தது.

புனே வானவடியில் அவருடைய மருந்துக் கடைக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பெய்வதா நிற்பதா என்று முடிவெடுக்காத ஜூலை மழை. பட்டப்பகலிலேயே வானம் ஸ்லேட் நிறத்தில் இருந்தது. பட்டாளக் குடியிருப்புப் பக்கமிருந்து வந்த ஸ்கூட்டர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன.

கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் ஃபஹ்மிதா நின்றிருந்தாள். புனே கேம்ப்பில் தனியார் துப்பறியும் அலுவலகம் நடத்துபவள். பூர்வீகம் மேலப்பாளையம், பிடிவாதமும் அங்கிருந்து வந்ததுதான். பக்கத்தில் அவள் உதவியாளன் ஜோஷுவா. கேம்ப்பிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேச வரும், படிக்க வராது. வாயை மூட மட்டும் எந்த மொழியிலும் வராது.

தேவ்கர் இரண்டு பெட்டிகளை எடுத்துக் கவுண்ட்டரில் வைத்தார். இரண்டும் வெள்ளை. இரண்டிலும் நீலக் கோடு.

"இது செலாரில். நரம்பு எரிச்சலுக்கு. இது செலாமில். சர்க்கரை நோய்க்கு. அந்த நோய் இல்லாதவங்க செலாமிலைப் போட்டா, ரத்தத்துல இருக்கிற கொஞ்ச நஞ்ச சர்க்கரையையும் இறக்கிடும். வேர்க்கும், கண்ணு இருட்டும், அப்புறம்..."

"அப்புறம் சத்தியவதி டீச்சர்" என்றான் ஜோஷுவா.



சத்தியவதி, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. நாலு தெரு தள்ளி மகள் ரியாவோடும் மருமகன் டக்ளஸோடும் வசிப்பவர். பாத எரிச்சலுக்காக டாக்டர் எழுதித் தந்தது செலாரில். தேவ்கர் கடை பில்லில் இருந்ததும் செலாரில். ஆனால் போன சனிக்கிழமை காலை அவர் நினைவில்லாமல் கட்டிலில் கிடந்தபோது, தலைமாட்டில் பாதி காலியாக இருந்த அட்டை செலாமில்.

"ஒரே ஒரு எழுத்து, பாஸ்" என்றான் ஜோஷுவா தமிழில். "ரில்லுக்கும் மில்லுக்கும் நடுவுல ஒரு ஐசியூ."

பில் சரி, அட்டை தப்பு. ஒன்று, கடையில் கை மாறியிருக்க வேண்டும். இல்லை, வீட்டில் யாரோ வேண்டுமென்றே மாற்றி வைத்திருக்க வேண்டும். முதலாவதைச் சொல்லிப் போலீஸில் புகார் கொடுத்திருந்தான் டக்ளஸ். இரண்டாவதை நிரூபித்துத் தரச் சொல்லி ஃபஹ்மிதாவை அமர்த்தியிருந்தார் தேவ்கர்.

"இங்கே பாருங்க, மேடம்." தேவ்கர் அலமாரியைக் காட்டினார். பேர் ஒத்துப்போகிற மருந்துகளையெல்லாம் அவர் பிரித்து வைத்திருந்தார். செலாரில் இந்தக் கோடியில், செலாமில் அந்தக் கோடியில் ஃப்ரிட்ஜ் பக்கம். இரண்டின் மேலும் சிவப்பு ஸ்டிக்கர். அதில் வித்தியாசப்படுகிற எழுத்து மட்டும் கட்டைவிரல் பருமனில். "எடுக்கும்போது பேரை உரக்கப் படிப்பேன். கொடுக்கும்போது, இது எந்த நோய்க்குன்னு வாங்கறவங்களையே கேட்பேன். கேட்காம ஒரு மாத்திரை வெளியே போகாது."

"பிரமாதம்" என்றாள் ஃபஹ்மிதா. அவளுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. "மருந்து வாங்கிட்டுப் போனதுக்கும் டீச்சர் விழுந்ததுக்கும் நடுவுல, அந்த வீட்டிலேர்ந்து யாராவது உங்களுக்குப் போன் பண்ணாங்களா?"

"யாருமே பண்ணலை."

பதில், கேள்வி முடிவதற்குள் வந்தது.

"இன்னிக்கு மத்தியானம் டீச்சரை வீட்டுக்கு அனுப்பறாங்க, மேடம்." தேவ்கரின் குரல் தாழ்ந்தது. "என் மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவங்க. இப்பத்தான் பிழைச்சு எழுந்திருக்காங்க. இன்னொரு தடவை சர்க்கரை இறங்கினா இதயம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். முதல் தடவை செஞ்சவன் ரெண்டாவது தடவை செய்ய மாட்டானா? என் கடையை விடுங்க. அவங்க உயிரைப் பாருங்க."

அவர் கண் கலங்கியிருந்தது.

படியிறங்கும்போது ஜோஷுவா சொன்னான். "தினம் ஆஸ்பத்திரிக்குப் போறாராம், பாஸ். பூ வாங்கிட்டு. பக்கத்துல உட்கார்ந்து, 'ஏதாவது ஞாபகம் வருதா டீச்சர்'னு விசாரிக்கிறாராம். எனக்கு டெங்கு வந்தப்ப என் சொந்த மாமா எட்டிப் பார்க்கலை."

"உனக்கு வந்தது டெங்குன்னு அந்தக் கொசுவே ஒத்துக்கலையே."

கிண்டல் செய்தாலும் அவள் நினைப்பு முன்னால் போயிருந்தது. ஒரு பெண்மணி வீடு திரும்பப் போகிறார். அந்த வீட்டில் யாரோ காத்திருக்கிறார்கள்.

*

கதவைத் திறந்தது டக்ளஸ். கராடியில் சாஃப்ட்வேர் கம்பெனி வேலை. தூங்கி ஒரு வாரமாகியிருக்கும் போலக் கண்கள் சிவந்திருந்தன. கையில் கார் சாவி.

"தேவ்கரோட ஆள்தானே நீங்க?"

"அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தேடறவ."

"நான் சொல்றேன் பதில். கடைக்காரன் தூங்கிட்டான். கேஸ் முடிஞ்சுது. நகருங்க, அத்தையைக் கூட்டிட்டு வரணும். ரியா ஆஸ்பத்திரில காத்திட்டிருக்கா."

"டீச்சருக்கு மாத்திரை எடுத்துத் தர்றது யாரு?"

"நான்தான். ஏன், மருமகன் தரக் கூடாதா?"

"தரலாம். இந்த ஃப்ளாட் யார் பேர்ல இருக்கு?"

டக்ளஸ் ஒரு கணம் அவளையே பார்த்தான். "அத்தை பேர்ல" என்றான். "சந்தோஷமா? எழுதிக்கோங்க. மருமகன்னாலே வில்லன்தானே." லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியில் தடதடவென்று இறங்கிப் போனான்.

"நல்ல மனுஷன்" என்றான் ஜோஷுவா. "பாம்புக்கும் இவருக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்."

சமையலறையில் ஷஃபானா இருந்தாள். டீச்சரைப் பார்த்துக்கொள்ளக் கடையநல்லூரிலிருந்து மூன்று மாதத்துக்கு முன் வந்தவள். ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த கையைத் துடைத்துக்கொண்டு மிரட்சியோடு நின்றாள். ஃபஹ்மிதா அவள் ஊர், உம்மா, மழை என்று சுற்றிவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தாள்.

"டீச்சர் விழுறதுக்கு முன்னால, வீட்டுல வித்தியாசமா ஏதாவது பார்த்தியாம்மா?"

ஷஃபானா வாசலை எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"நான் சொன்னேன்னு சொல்லிராதீகக்கா. வியாழக்கெழம சாயங்காலம் அண்ணன் பால்கனில நின்னு போன் பேசிட்டு இருந்தாவ. கதவச் சாத்திக்கிட்டு. பூரா இந்தி. எனக்கு இந்தி ஒண்ணும் வெளங்காது. ஆனா டீச்சரு பேரச் சொல்லிச் சொல்லி, சக்கர சக்கரன்னு ரெண்டு மூணு வாட்டி சொன்னாவ."

"சக்கரையா?"

"ஆமாக்கா, சக்கர. டீச்சருக்குத்தான் அந்த வியாதியே கெடையாதே, இவுக ஏன் இப்படிச் சொல்லுதாவன்னு நெனச்சேன். கேக்கப் பயந்துட்டேன்."



டீச்சர் விழுந்தது சனிக்கிழமை. ரத்தத்தைச் சோதித்துச் சர்க்கரைதான் காரணம் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தது அதற்குப் பிறகு. உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயத்தை டக்ளஸ் வியாழக்கிழமையே யாரிடமோ பேசியிருக்கிறான்.

"சக்கர்னா தலை சுத்தறதுதானே, பாஸ்?" ஜோஷுவா குழம்பினான். "டீச்சருக்குத் தலை சுத்துச்சுன்னு சொல்றாளா?"

"உன் தமிழை முதல்ல ஆஸ்பத்திரில சேர்க்கணும். சக்கரைன்னா சுகர்."

"எங்க வீட்டுல அது சீனி. சக்கரைன்னா எனக்குப் பொங்கல்தான் தெரியும்."

அவனை விலக்கிவிட்டு அவள் மாடிப்படிக்கு வந்தாள். போனை வாயருகே பிடித்து வாட்ஸப்பில் குரல் செய்தி பதிந்தாள்.

"தேவ்கர் சாப், மருமகன்தான். டீச்சர் விழறதுக்கு முன்னாலயே அவருக்குச் சர்க்கரை விஷயம் தெரிஞ்சிருக்கு. சாட்சி இருக்கு. போலீஸ்கிட்ட நானே பேசறேன்."

அனுப்பிய மறுகணம் இரண்டு டிக்கும் நீலமாயின.

'தேவையில்லை மேடம், நானே இன்ஸ்பெக்டருக்கு அனுப்பிடறேன்' என்று பதில் வந்தது. கூடவே கைகூப்பிய பொம்மை.

*

இரண்டு மணி நேரம் கழித்து ஃபாத்திமா நகர் பக்கம் ஒரு கடையில் வடா பாவ் வாங்க நின்றார்கள். ஃபஹ்மிதாவுக்கு இறங்கவில்லை. கேஸ் முடிந்தால் வழக்கமாக வருகிற பசி வரவில்லை.

"டீச்சர் வீட்டுக்கே திரும்பிப் போலாம், ஜோ. போலீஸ் வர்ற வரைக்கும் நாம அங்க இருக்கறது நல்லது."

ஜோஷுவா வாயில் பாவோடு ஸ்கூட்டரை உதைத்தான். திருப்பத்தில் ரெயின்கோட் போட்ட போக்குவரத்துப் போலீஸ்காரர் கையை நீட்டித் தடுத்தார். அவருக்குப் பின்னால் ஒரு குல்மொஹர் மரம் சாலையின் குறுக்கே விழுந்து கிடந்தது.

"ஜாட் பட்லய்! சக்கர் மாரூன் ஜா!"

"மரம் விழுந்திருக்கு, பார்த்தாலே தெரியுது. சுத்திக்கிட்டுப் போகணுமாம்." ஜோஷுவா வண்டியைத் திருப்பினான். "ஏற்கெனவே காலைலேர்ந்து பட்டினி. இதுல இந்த சக்கர் வேற அடிச்சா எனக்கே சக்கர் வந்துடும்."

"ஜோ. நிறுத்து."

"இங்கயா? சேறு பாஸ்..."

"நிறுத்துடா!"

அவள் இறங்கி மழையிலேயே நின்றாள். தண்ணீர் முக்காட்டில் வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது.

"டக்ளஸ் எந்த பாஷையில போன் பேசினார்?"

"ஹிந்தி. அந்தப் பொண்ணு சொன்னாளே."

"பூரா ஹிந்தில பேசறவர், அந்த ஒரு வார்த்தையை மட்டும் எதுக்குத் தமிழ்ல சொல்லணும்?"

ஜோஷுவாவின் வாய் அசைபோடுவதை நிறுத்தியது. "ஹிந்தில ஷக்கர்னு ஒண்ணு..."

"அது சாயில போடற சீனி. வியாதின்னா இந்த ஊர்ல பால்காரர்கூட 'ஷுகர்'னுதான் சொல்வார். டக்ளஸ் சொன்னது சக்கர். தலைசுத்தல். ஹிந்தி தெரியாத பொண்ணு காதுல தனக்குத் தெரிஞ்ச வார்த்தையா விழுந்திருக்கு."

"இதைத்தான் நான் அங்கயே சொன்னேன். நீங்க என் தமிழை ஆஸ்பத்திரில..."

"அப்புறமா சொல்லிக்காட்டு. யார்கிட்ட சொன்னார்? அதான் வேணும்."

டக்ளஸின் எண்ணை அழுத்தினாள். நாலாவது மணியில் எடுத்தான். பின்னணியில் வயர்லெஸ் இரைச்சல்.

"இன்னும் என்ன பாக்கி? ஸ்டேஷன்லதான் இருக்கேன். உங்க குரலை இன்ஸ்பெக்டர் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டறார். கூட வந்த ரியா என் மூஞ்சியைப் பார்க்க மாட்டேங்கறா."

"வியாழக்கிழமை பால்கனியில நின்னு யார்கிட்ட பேசினீங்க?"

"மருந்துக் கடைக்கு. தேவ்கர்கிட்ட."

ஃபஹ்மிதா கண்ணை மூடிக்கொண்டாள். "என்ன சொன்னீங்க?"

"புது மாத்திரை போட்டதிலேர்ந்து அத்தைக்கு சக்கர் வருது, வேர்க்குது, நிறுத்திடட்டுமான்னு கேட்டேன். புது மருந்துன்னா அப்படித்தான் இருக்கும், நிறுத்தாதீங்க, ரெண்டு நாள்ல பழகிடும்னார்."

"கதவை எதுக்குச் சாத்தினீங்க?"

"உள்ளே குக்கர் விசில் அடிச்சுது. இது ஒரு கேள்வியா?"

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"யாரு கேட்டா? புகார்ல பில்லையும் அட்டையையும் மட்டும்தான் வாங்கி வெச்சுக்கிட்டாங்க. எல்லாரும் கேட்டது ஃப்ளாட் யார் பேர்லன்னுதானே."



யாருமே போன் பண்ணவில்லை என்றார் தேவ்கர். தலை சுற்றுகிறது, வேர்க்கிறது என்று காதில் விழுந்ததும் ஒரு மருந்துக்காரருக்கு விளங்காமல் இருக்குமா? அலமாரியின் இரண்டு கோடியையும் எண்ணிப் பார்த்தாலே போதும். செலாரில் ஒன்று கூட. செலாமில் ஒன்று குறைய. வியாழக்கிழமையே அவருக்குத் தெரியும்.

அப்படியானால் துப்பறிய ஆளை ஏன் அமர்த்தினார்?

விடை மழையைவிடச் சில்லென்று இறங்கியது. கண்டுபிடிக்க இல்லை. கைகாட்ட. இன்னொரு தடவை சத்தியவதிக்கு ஏதாவது ஆனால், ஊர் முழுக்க யாரைப் பார்க்க வேண்டும் என்று அவள் குரலிலேயே பதிவு செய்து வாங்கியிருக்கிறார்.

"உங்க அத்தை இப்ப எங்க இருக்காங்க?"

"வீட்டுல. கொண்டு வந்து விட்டதும் ஸ்டேஷன்லேர்ந்து போன் வந்துச்சு. துணைக்கு ஆள் இருக்கு."

"ஷஃபானாதானே?"

"ஷஃபானாவும் இருக்கா. தேவ்கர் வந்து உட்கார்ந்திருக்கார். எனக்குப் பிடிக்கலை. ரியாதான், 'உன்னைவிட அவரை நம்பறேன்'னு..."

"இன்ஸ்பெக்டரையும் இழுத்துக்கிட்டு உடனே வீட்டுக்கு வாங்க. என்ன பொய் வேணும்னாலும் சொல்லுங்க. குத்தத்தை ஒத்துக்கறேன், வீட்டுல வெச்சுச் சொல்றேன்னு சொல்லுங்க. வாங்க!"

ஜோஷுவா அதற்குள் ஸ்கூட்டரை நடைபாதையில் ஏற்றியிருந்தான். அவன் எதுவும் பேசவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

*

கட்டடத்தின் கேட்டில் ஷஃபானா குடையும் இரண்டு இளநீருமாக உள்ளே நுழைந்துகொண்டிருந்தாள்.

"யாரும்மா உன்னை வெளியே அனுப்பினது?"

"கடைக்கார அண்ணன்தான்க்கா. டீச்சருக்கு வாங்கியாரச் சொன்னாவ. கையக் காட்டி..."

மீதியைக் கேட்க ஃபஹ்மிதா நிற்கவில்லை. மூன்று மாடியையும் மூச்சுவிடாமல் ஏறினாள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

ஹாலில் பிரம்பு நாற்காலியில் சத்தியவதி. ஆஸ்பத்திரிப் பட்டை இன்னும் மணிக்கட்டில் இருந்தது. இடது கையில் தண்ணீர் டம்ளர். வலது உள்ளங்கையில் இரண்டு வெள்ளை மாத்திரைகள். எதிர் சோபாவில் தேவ்கர், குசலம் விசாரிக்க வந்தவர் போல முழங்காலில் கை கோத்து அமர்ந்திருந்தார்.

"வாம்மா" என்றார் சத்தியவதி களைத்த சிரிப்போடு. "நீதான் ஃபஹ்மிதாவா? டாக்டர் ஒரு மாத்திரையும் வேண்டாம்னு நிறுத்திட்டார். உடம்பு வெலவெலன்னு இருக்கு. இவர் சத்து மாத்திரை கொண்டு வந்திருக்கார். ரெண்டையும் போட்டுட்டு உன்கிட்டப் பேசறேன்..."

"போடாதீங்க, டீச்சர்."

டம்ளர் பாதி வழியில் நின்றது.

தேவ்கர் திடுக்கிடவில்லை. ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார். "மேடம், கேஸ் முடிஞ்சுது. உங்க குரல்லயே முடிஞ்சுது."

"அட்டை எங்கே, தேவ்கர் சாப்?"

"கடையில இருக்கு. ரெண்டு மட்டும் வெட்டி எடுத்துட்டு வந்தேன்."

"வெட்டின துண்டுல பேர் இருக்குமே. அதைக் காட்டுங்க."

"வழியில போட்டுட்டேன்."

வாசலை அடைத்தபடி வந்து நின்றான் ஜோஷுவா. மூச்சிரைப்பிலும் வாய் ஓயவில்லை. "சிவப்பு ஸ்டிக்கர், பெரிய எழுத்து, உரக்கப் படிக்கறது... இதெல்லாம் கடையில சாப்பிடறவங்களுக்கு மட்டுமா? பார்சலுக்குக் கிடையாதா?"

ஃபஹ்மிதா தேவ்கரின் முன்னால் போய் நின்றாள். "அன்னிக்குக் கடையில கூட்டமா இருந்திருக்கும். கை மாறிப்போச்சு. அது தப்பு. எந்தக் கடையிலயும் நடக்கலாம். டக்ளஸ் உங்களுக்குப் போன் பண்ற நிமிஷம் வரைக்கும் அது தப்புதான். 'நிறுத்தாதீங்க'ன்னு சொன்னீங்களே, அதுக்கப்புறம் அதுக்குப் பேரு வேற."

தேவ்கர் தரையைப் பார்த்தார்.

"போன வருஷம் ஒரு தடவை இப்படி ஆச்சு" என்றார் மெல்ல. "யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா நோட்டீஸ் வந்துது. அந்த ஸ்டிக்கரெல்லாம் அதுக்கப்புறம்தான் ஒட்டினேன். இன்னொரு புகார் வந்தா லைசென்ஸ் போயிடும், மேடம். அப்பா ஆரம்பிச்ச கடை. அந்தப் போனுக்கு நான் வேற என்னதான் பதில் சொல்றது?"

"'நிறுத்துங்க'ன்னு ஒரு வார்த்தை."

அவர் நிமிர்ந்தார். நிமிர்ந்த முகத்தில் கலக்கம் இல்லை. கவுண்ட்டருக்குப் பின்னால் நிற்கிற முகம்.

"நல்ல கதை. மருமகன் போன்ல அப்படிச் சொன்னேங்கறான். இல்லை, ஸ்டாக் இருக்கான்னு கேட்டான்னு நான் சொல்வேன். ரெண்டு பேர்ல யாரை நம்பணும்னு நீங்களே போலீஸுக்குச் சொல்லியாச்சு. மூணாவது ஆள் யார் இருக்கா?"

"நான் இருக்கேன்" என்றார் சத்தியவதி.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, மங்கலான கரும்பலகையைப் படிப்பவர் போல ஹிந்தியில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"இப்பத்தான் ஞாபகம் வருது. வெள்ளிக்கிழமை. நான்தான் போன் பண்ணேன், ஷ்யாம். மாத்திரை அட்டையில ஸ்பெல்லிங் உறுத்திச்சு. டாக்டர் சீட்டுல R, அட்டையில M. நீ என்ன சொன்னே? 'கம்பெனி பேரை மாத்திட்டான், மருந்து அதேதான், தைரியமாப் போடுங்க டீச்சர்.' நீ சொன்னியேன்னு போட்டேன். நீ சொன்னியேன்னு இப்பவும் போடப் பார்த்தேன்."

தேவ்கர் எழுந்தார்.

"டீச்சர், நீங்க இன்னும் குழம்பியிருக்கீங்க. அந்த மாத்திரையை இப்படிக் கொடுங்க." கையை நீட்டினார். குரலில் அதே பணிவு. ஆனால் கால் ஓரடி முன்னால் வந்திருந்தது.

ஃபஹ்மிதா குறுக்கே புகுந்தாள். ஜோஷுவா கதவை விட்டு நகரவில்லை.

சத்தியவதி வலது கையை மூடிக்கொண்டார். இடது கையால் அந்த முஷ்டியைப் பொத்தி மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"கொடுத்தா நாளைக்கு இது வைட்டமின் ஆயிடும்" என்றார் தமிழில், யாரையும் பார்க்காமல்.

தேவ்கருக்கு வார்த்தை புரிந்திருக்க வழியில்லை. ஆனால் நீட்டிய கை மெல்லத் தாழ்ந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், ஜோஷுவாவின் தோள் அகலத்தைப் பார்த்தார். பிறகு சோபாவில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடித்தும் துடைத்துக்கொண்டிருந்தார்.

கீழே ஜீப் நின்றது. படியில் பல கால்கள். இன்ஸ்பெக்டர் முன்னால் வந்தார், பின்னால் ரியா, அவளைத் தாண்டிக்கொண்டு டக்ளஸ்.

"டீச்சர், அதை என்கிட்ட கொடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

முஷ்டி திறக்கவில்லை.

"அம்மா" என்று அருகில் வந்தாள் ரியா. அப்போதும் திறக்கவில்லை.

டக்ளஸ் நாற்காலியின் முன் மண்டியிட்டான். ஒன்றும் கேட்கவில்லை. மழையில் நனைந்த கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, உள்ளங்கையை அவர் முஷ்டிக்குக் கீழே ஏந்தினான்.

சத்தியவதியின் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. வியர்வையில் ஊறிப் பாதி கரைந்துபோன இரண்டு மாத்திரைகள் அவன் கையில் விழுந்தன.

"நீயே கொடு, மாப்ளே" என்றார். "போலீஸ்கிட்ட நீயே கொடு."